திரும்பி வந்த ஏழு கடிதங்கள்

அன்பான உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் தகப்பனார் எங்களை விட்டுப் போய் வருகிற ஐப்பசியோடு ஒரு வருஷம் நிறைகிறது. முதலாண்டு நினைவு ஆராதனைக்கு உங்களை அழைக்கும் இந்தச் சிறு புத்தகம் தபாலில் உங்கள் கைக்கு வந்திருக்கும். நம் பக்கத்து வழக்கப்படி இதுவும் ஒரு துக்கக் காகிதம்தான். வாசலில் நின்றபடியே படித்து, படித்த கையோடு கிழித்துப் போட்டுவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போக நினைப்பவர்கள் உங்களில் இருப்பீர்கள். ஞானஸ்நானம் பெற்று மூன்று தலைமுறை ஆகியும் இந்த ஒரு வழக்கம் நம்மை விட்டபாடில்லை. அதைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கிழிப்பதானால் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுக் கிழியுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஏன் கேட்கிறேன் என்பது படிக்கப் படிக்கத் தெரியும்.

தகப்பனார் பிறந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் தேரியின் ஓரத்தில், பனைகளைத் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு சிற்றூரில். குடிக்கிற தண்ணீருக்கு ஒரு மைல் நடக்க வேண்டும். அவருடைய தகப்பனார் பனையேறி; மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து இரண்டு வருஷம் கிடந்து இறந்தார். ஐந்து வகுப்போடு மிஷன் பள்ளிப் படிப்பு நின்றது. ஸ்ரீவைகுண்டம் அணையில் மராமத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பதினெட்டு வயதில் மண் சுமக்க வந்தார். தாமிரபரணியை அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தாராம். இவ்வளவு தண்ணீரையும் பார்த்துக்கொண்டு மனிதர்கள் எப்படித்தான் தங்கள் வேலையைக் கவனிக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டேன் என்று எங்களிடம் சொல்லியிருக்கிறார்.

எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் அணையிலேயே லஸ்கராக வைத்துக்கொண்டார்கள். மதகுகளைத் திறந்து மூடுவதும், அளவுக் கல்லில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்து எழுதுவதும் லஸ்கரின் வேலை. தென்கால் மதகு அவர் பொறுப்பில் இருந்தது. அந்த வாய்க்காலின் கரையிலேயே எங்கள் வீடும் இருந்தது. திறக்க வேண்டிய நாளில் திறப்பார், மூட வேண்டிய நாளில் மூடுவார். வயல்காரர்கள் வந்து கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, "மேல எழுதிக் கேளும்வே" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மென்றுகொண்டு நிற்பார். முப்பத்தைந்து வருஷ வேலையில் ஒரே ஒரு நாள்தான் அவர் நேரம் தவறி மதகை மூடினார். அந்த ஒரு நாளைப் பற்றிச் சொல்லத்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

இப்படிப்பட்ட புத்தகங்களில் இறந்தவரைச் சாந்தசொரூபி என்று எழுதுவது வழக்கம். எங்கள் தகப்பனாருக்கு அந்தப் பொய் பிடிக்காது. அவருக்குக் கோபம் மூக்கின் மேல். கோவிலில் பாட்டுப் பாடினால் சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஆனால் காலையில் யாரையாவது ஏசிவிட்டால் சாயங்காலத்துக்குள் அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "சாப்பிட்டியாவே?" என்று கேட்பார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். எதிரே இருக்கிற மனிதர்களிடம் அது எப்போதும் பலித்தது. கடல் கடந்து இருக்கிறவர்களிடம் எப்படிப் போய் நிற்பது?

அவருக்கு நாங்கள் இரண்டு பிள்ளைகள். அண்ணன் ஞானமுத்து மூத்தவர். அவருக்கு ஒன்பது வருஷம் இளையவள் நான். அண்ணன் பாளையங்கோட்டையில் படித்து முடித்து, இருபது வயதில் மலாய் தேசத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் கிராணி வேலைக்குப் போனார். கூலி ஆட்களின் பேரெழுதி வேலை பிரித்துக் கொடுக்கும் வேலை அது. வீட்டில் இருந்த காலத்தில் தகப்பனாரும் அண்ணனும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. ஒருவர் உள்ளே வந்தால் மற்றவர் வெளியே போவார். பகை ஒன்றுமில்லை, என்ன பேசுவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. திருநெல்வேலிப் பாலம் ஸ்டேஷனில் ரயில் புறப்படுகிற நேரத்தில் தகப்பனார் சொன்னது, "போய்ச் சேந்ததும் காயிதம் போடு லே" என்பதுதான். அதற்கு அண்ணன் தலையை மட்டும் ஆட்டினார்.

அப்படிப்பட்ட இரண்டு பேரும் கடிதத்தில் பேசிக்கொண்ட பேச்சு இருக்கிறதே!

ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை தகப்பனார் ஆராதனை முடிந்து வந்து, கோவிலுக்குப் போட்ட சட்டையைக் கழற்றாமலே எழுத உட்காருவார். முதல் வரி எப்போதும் தண்ணீர்தான். 'அணையில் நாலடி. வடகாலும் தென்காலும் ஓடுகின்றன' என்று எழுதிவிட்டுத்தான் 'நீ சுகமா' என்று கேட்பார். அதற்கு அண்ணன் ஒருமுறை, 'ஆற்றின் சுகம் அறிந்து சந்தோஷம். அம்மாவும் தங்கையும் அதே சுகத்தோடு இருப்பதாக எண்ணிக்கொள்கிறேன்' என்று பதில் எழுதினார். தகப்பனார் அதைப் படித்துவிட்டு இருமல் வரும்வரை சிரித்தார். "கொழுப்பப் பாத்தியா இவனுக்கு" என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி, மறுநாள் அணையில் மற்ற லஸ்கர்களிடமும் போய்ச் சொன்னார்.

கடிதம் போய்ச் சேர இருபது நாள், பதில் வர இருபது நாள். எல்லாமே பிந்திப் போகும். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று கடிதம் வரும். இங்கே தகப்பனார் சோறு இறங்காமல் கிடந்து, சுக்கும் மிளகும் கருப்பட்டியும் எந்த அளவில் தட்டிப் போட வேண்டும் என்று இரண்டு பக்கம் எழுதுவார். அது போய்ச் சேரும்போது அண்ணன் பந்து விளையாடிக்கொண்டிருப்பார். மீசை வைக்கப் போகிறேன் என்று அண்ணன் எழுத, வைத்தால் நீ என் மகனில்லை என்று இவர் எழுத, 'கடிதம் கிடைத்தது. மீசையை வைத்து எடுத்தும் ஆகிவிட்டது' என்று அங்கிருந்து வந்தது. இந்த வேடிக்கையெல்லாம் நல்ல காலத்தில் நடந்தது. கெட்ட காலத்திலும் தபால் அதே இருபது நாள்தான் எடுத்துக்கொள்ளும் என்பது எங்களுக்கு உறைக்கவில்லை.

தகப்பனாருக்கு இங்கிலீஷ் தெரியாது. உறையின் மேல் விலாசம் எழுதுவது பதினொரு வயதிலிருந்து என் வேலை. நான் பாளையங்கோட்டைப் பள்ளி விடுதிக்குப் போன பிறகும், பிறகு அங்கேயே உபாத்தியாயினியாக ஆன பிறகும், கடிதத்தை ஒட்டாமல் எனக்கு அனுப்பிவைப்பார். நான் படித்து, மடித்து, விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பேன். ஆகவே அவர் எழுதியதில் நான் படிக்காதது என்று ஒன்றும் கிடையாது.

அண்ணன் ஏழாம் வருஷம் லீவில் வந்தபோது எஸ்தரைக் கட்டிக்கொண்டார். எஸ்தர் என்னோடு ஒரே விடுதியில் வளர்ந்தவள். தாய் தகப்பன் இல்லாதவள். பேச்சை எடுத்து முடித்து வைத்ததே நான்தான். மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்தாள். தகப்பனாரை மாமா மாமா என்று சுற்றிக்கொண்டு, அளவுக் கல்லைப் பார்க்கிற நேரத்துக்கு அவரோடு அணைக்கே போய்விடுவாள். மலாய் தேசம் போன பிறகு அண்ணன் கடிதத்தின் அடியில், 'மாமா, இன்றைக்கு எத்தனை அடி?' என்று ஒரு வரி அவள் கையால் இருக்கும்.

அவள் பிள்ளை உண்டாயிருக்கிறாள் என்று கடிதம் வந்தது. தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய் வீட்டுக்கு வர வேண்டும். அவளுக்குத் தாய் வீடு எங்கள் வீடுதான், உடனே அனுப்பி வை என்று தகப்பனார் எழுதினார். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, ஐந்தாறு நாள் கப்பலில் அவள் தாங்கமாட்டாள், பக்கத்துத் தோட்டத்தில் டாக்டர் இருக்கிறார் என்று அண்ணன் பதில் எழுதினார். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்தது. நேரில் இருந்திருந்தால் ஒரு பொழுதில் பேசி முடிகிற காரியம். தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தில் தண்ணீர் எத்தனை அடி என்றுகூட எழுதவில்லை. 'அந்தப் பெண்ணுக்கு ஏதாவது நேர்ந்தால் நீ என் முகத்தில் விழிக்க வேண்டாம்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு எனக்கு அனுப்பிவிட்டார்.

நான் அதைப் படித்தேன். வேண்டாமே என்று மனதில் பட்டது. இருந்தாலும் அப்பா எழுதியதை நிறுத்தி வைக்க நான் யார் என்று உறையில் போட்டு விலாசம் எழுதி அனுப்பினேன். பதினைந்து நாள் கழித்து அவருக்குக் கோபம் தணிந்து, 'கோபத்தில் எழுதிவிட்டேன், மனதில் வைக்காதே, எஸ்தரைப் பார்த்துக்கொள்' என்று இன்னொரு கடிதம் வந்தது. அதையும் அனுப்பினேன். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து நாள்தான்.

பிறகு ஆனி மாதத் தொடக்கத்தில் அந்த நாள் வந்தது. நான் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். கார் சாகுபடிக்காக அன்று விடியற்காலையில்தான் தகப்பனார் தென்கால் மதகைத் திறந்திருந்தார். வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. தபால்கார அண்ணாச்சி வாசலில் நின்று, "பினாங்கு காயிதம், டீச்சரம்மா. மிட்டாய் உண்டுமா?" என்று கேட்டார். பிள்ளை பிறந்த சேதி என்றுதான் நாங்கள் எல்லாரும் காத்திருந்தோம். நின்ற இடத்திலேயே உறையைப் பிரித்தேன். இரண்டு தாள் இருந்தது. முதல் தாளின் முதல் வரியில், எஸ்தர் போன புதன்கிழமை கர்த்தருக்குள் நித்திரையடைந்தாள் என்று இருந்தது.

அதற்கு மேல் என் கண்ணுக்கு எழுத்து தெரியவில்லை. அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தார்கள்.

"என்னட்டி? ஏட்டி, என்ன எழுதியிருக்கான்?"

"எஸ்தர் போயிட்டாம்மா."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடினார்கள். நான் அழுதுகொண்டே காகிதத்தைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் கால் வைத்தேன். "உள்ள கொண்டு வராதட்டி! துட்டிக் காயிதத்த வீட்டுக்குள்ள கொண்டு வருவாகளா? கிழிச்சி வாய்க்கால்ல போடு!" என்று அம்மா அலறினார்கள். கூடி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். மூடப் பழக்கம் கூடாது என்று வாரம் ஒரு முறை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள் நான். கிழித்தேன். இரண்டாக, நாலாக, எட்டாகக் கிழித்து ஓடுகிற தண்ணீரில் போட்டேன். அம்மா மேல் பழி போட மாட்டேன். அவர்களுக்கு எழுத்து தெரியாது, எனக்குத் தெரியும்.

ஆள் போய்ச் சொல்லித் தகப்பனார் அணையிலிருந்து வந்தார். தெருவில் நின்று கேட்டுக்கொண்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு துண்டை எடுத்து, "பிள்ள?" என்றார்.

எனக்கு அப்போதுதான் பிள்ளை என்று ஒன்று உண்டே என்பது ஞாபகத்துக்கு வந்தது.

"பிள்ள என்னாச்சுட்டி? இருக்கா, அதுவும் போயிட்டா? அவன் எங்கன இருக்கானாம்? காயிதத்தக் கொண்டா."

"கிழிச்சிட்டேன்ப்பா."

"முழுக்கப் படிச்சியா?"

"மொத வரிதான் படிச்சேன்."

அவர் என்னை ஏசவில்லை. வாய்க்காலைப் பார்த்தார். திரும்பி அணையை நோக்கி ஓடினார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. போய்த் தென்கால் மதகை இறக்கி அடைத்துவிட்டார். யாரிடமும் கேட்கவில்லை, எழுதவில்லை. தண்ணீர் வடிய வடிய, முழங்கால் சேற்றில் இறங்கி வாய்க்காலோடு நடந்தார். நானும் பின்னால் இறங்கினேன். ஒவ்வொரு புல்லாக, வேராக விலக்கிப் பார்த்தோம். காலையில்தான் தண்ணீர் வந்த வயல்காரர்கள் மண்வெட்டியும் கையுமாக ஓடி வந்தார்கள்.

"லஸ்கரே, கிறுக்குப் பிடிச்சிட்டாவே? நாத்தங்காலு காயுதுல்லா?"

"எம் மவன் காயிதம் வாய்க்கால்ல போயிட்டு அண்ணாச்சி" என்றார் தகப்பனார். "ஒரு நாழி பொறுங்க. தெறந்துருதேன்."

முன்னால் நின்ற பெரியவர் ஆழ்வார்திருநகரிப் பக்கத்தில் நிலம் உள்ளவர். தகப்பனாரிடம் தண்ணீருக்காகப் பலமுறை சண்டை போட்டவர். அவர் நடந்ததைக் கேட்டுக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். மத்தியானம் வரைக்கும் ஒரு மைல் தூரம் தேடினோம். கிடைத்தவை நாலு துண்டுகள். மை கரைந்து நீலமாக ஊறியிருந்தது. இரண்டு துண்டுகளில் ஒன்றும் இல்லை. ஒன்றில் 'பதில்' என்று இருந்தது. இன்னொன்றில் 'குழந்தையை' என்று இருந்தது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

குழந்தையை அடக்கம் செய்தேனா, குழந்தையைக் கொண்டு வருகிறேனா, குழந்தையை யாரிடமாவது கொடுத்துவிட்டேனா? அதை வைத்துக்கொண்டு நாங்கள் எத்தனை விதமாக வாசித்திருப்போம் என்று சொல்ல முடியாது.

மதகை நேரமல்லாத நேரத்தில் மூடியதற்காக மேலே இருந்து கேள்வி வந்தது. இரண்டு மாதம் மதகுச் சாவியை வேறொருவர் கையில் கொடுத்தார்கள். வாய்க்காலில் தேடிவிட்டு வந்த அன்று சாயங்காலம் நான் பட்டினியாகச் சமையற்கட்டு மூலையில் கிடந்தேன். அவர் வந்து நின்று, "சாப்பிட்டியாட்டி?" என்று கேட்டார். நான் கேட்க வேண்டிய மன்னிப்பை அவர் என்னிடம் கேட்டுவிட்டுப் போனார். இன்றுவரை அது எனக்குப் பொறுக்கவில்லை.

பழைய தோட்டத்து விலாசத்துக்கே பதில் எழுதினோம். ஆடியில் ஜெர்மன் யுத்தம் வந்தது. கப்பல்கள் தாறுமாறாகின. முதலில் திரும்பி வந்தது, 'கோபத்தில் எழுதிவிட்டேன்' என்று அவர் எழுதிய அந்தக் கடிதம்தான். ஆள் இங்கே இல்லை என்று குறித்து அனுப்பியிருந்தார்கள். அண்ணன் தோட்டத்தை விட்டுப் போய்விட்டார், புது விலாசத்தைத்தான் இரண்டாம் தாளில் எழுதியிருந்தார் என்பது அப்போது உறுதியாயிற்று. பிரிக்கப்படாத அந்த உறையைத் தகப்பனார் கையில் வைத்துக்கொண்டு, "அப்பம் அவன் இதப் படிக்கல. மத்ததத்தான் படிச்சிருக்கான்" என்றார்.

அது முதல் நாலு வருஷம் அவருக்கு வேறு நினைப்பில்லை. மலாய் தேசத்திலிருந்து யார் ஊருக்கு வந்தாலும், சாத்தான்குளமானாலும் சரி, புன்னக்காயலானாலும் சரி, வண்டி கட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பார். அவர்கள் வாயில் வந்த தோட்டத்தின் பேரையெல்லாம் எழுதிக்கொண்டு வருவார். ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு கடிதம் எழுதுவார். நான் விலாசம் எழுதுவேன். எழுதியவை எத்தனை என்று எனக்குத் தெரியாது. சில கடலில் போயிருக்கும், சில எங்கேயோ கிடக்கும். திரும்பி வந்தவை, அந்த முதல் கடிதத்தோடு சேர்த்து, ஏழு. மற்ற ஆறிலும் முதல் வரி தண்ணீர் அளவுதான். அதற்கு அடுத்த வரி, 'நான் எழுதிய அந்த வார்த்தையை எடுத்துப் போட்டுவிடு, வீட்டுக்கு வா' என்பது. முடிக்கிற இடத்தில் 'பிள்ளைக்கு முத்தம்' என்று எழுதி, அதை அடித்து, பிறகு அடித்ததற்கு மேலேயே மறுபடியும் எழுதியிருப்பார். இருக்கிற பிள்ளையோ இல்லாத பிள்ளையோ என்று தெரியாமல் ஒரு மனிதர் எப்படித்தான் எழுதுவார்?

அண்ணனாவது மறுபடி ஒரு வரி எழுதக்கூடாதா என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். எஸ்தர் இறந்துபோனதை எழுதி, பதிலும் கேட்டு எழுதி, பதில் வராமல் இருந்தால் அவர் என்ன நினைப்பார்? முகத்தில் விழிக்காதே என்றவர் சொன்னபடி செய்துவிட்டார் என்றுதான் நினைப்பார். பிடிவாதத்தில் அண்ணன் தகப்பனாருக்குப் பிள்ளைதான். இது எங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன செய்ய? உலகத்தில் ஒரே ஒரு மனிதரிடம் சொல்ல வேண்டிய ஒரு சேதியை வைத்துக்கொண்டு, அந்த மனிதர் இருக்கிற இடம் தெரியாமல் தவித்தோம்.

போன ஐப்பசியில் விஷக் காய்ச்சல் ஊர் ஊராக வந்ததை நீங்கள் அறிவீர்கள். உங்கள் வீடுகளிலும் ஆள் போயிருக்கும். தகப்பனார் நாலு நாள்தான் கிடந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் வேகத்தில், "எத்தன அடி, எத்தன அடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்காம் நாள் காலையில் தெளிவாகக் கண் திறந்து என்னைப் பார்த்தார். கிட்டே போனேன்.

"அந்த வார்த்தைய நான் எழுதியிருக்கக் கூடாதுட்டி" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ படிச்சியில்லா? அந்தக் காயிதத்தயில்லா நீ கிழிச்சிருக்கணும்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எத்தனை அடி என்று கேட்கிற அதே குரலில்தான் சொன்னார். மத்தியானத்துக்கு முன்னால் உயிர் பிரிந்தது. ஊரில் எல்லா வீட்டிலும் ஆட்கள் படுத்திருந்ததால் பெட்டி சுமக்க ஆள் சேரவில்லை. மூன்று வயல்காரர்களும் தபால்கார அண்ணாச்சியுமாகச் சேர்ந்துதான் கல்லறைக்குக் கொண்டு போனார்கள்.

இந்த ஆடி மாதம், யுத்தம் முடிந்து கப்பல்கள் ஒழுங்காக ஓடத் தொடங்கிய பிறகு, சாத்தான்குளத்துக்காரர் ஒருவர் மலாய் தேசத்திலிருந்து திரும்பினார். அங்கிருந்து வருகிறவர்களைத் தகப்பனார் தேடித் தேடிப் போனதை ஊரில் யாரோ சொல்ல, அவராகவே எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"ஒங்க அண்ணன எனக்குத் தெரியும், டீச்சர். ஒரே தோட்டந்தான். நல்லா இருக்காரு."

"பிள்ள?" என்றார்கள் அம்மா.

"பொட்டப்பிள்ள. அஞ்சு வயசு. கெட்டிக்காரி." அவர் கொஞ்சம் தயங்கினார். "ஊருக்கு வாரும்னு நானே எத்தனையோ மட்டம் கூப்பிட்டேன். 'எங்கப்பா மொகத்துல முழிக்காதன்னு எழுதிட்டாரு. பொஞ்சாதி செத்ததுக்கும் ஒரு பதில் போடல. நான் எந்த மொகத்த வச்சிக்கிட்டுப் போவேன்'னு கேக்காரு."

நான் விலாசத்தை மூன்று காகிதத்தில் மூன்று முறை எழுதி வாங்கிக்கொண்டேன்.

அன்றே தகப்பனாரின் ஏழு கடிதங்களையும், பிரிக்காத உறைகளாகவே, ஒரு கட்டாகக் கட்டி அனுப்பினேன். கூட ஒரு சீட்டு வைத்தேன். 'அண்ணா, இவை அப்பா உங்களுக்கு எழுதித் திரும்பி வந்தவை. எஸ்தர் போனதற்கு நீங்கள் எழுதிய காகிதத்தை முதல் வரியோடு கிழித்துப் போட்டவள் நான். அப்பா அதைப் பார்க்கவே இல்லை' என்று எழுதினேன். அப்பா போய்விட்டார் என்பதை எழுதவில்லை.

அந்த வரியைக் கண்டால் அண்ணனும் மற்றதைப் படிக்காமல் கிழித்துவிடுவார் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. உயிரோடு இருக்கிற அப்பா தன்னைக் கூப்பிடுகிறார் என்று அண்ணன் ஒரு தரமாவது படிக்கட்டும் என்று ஆசைப்பட்டேன் என்பது மீதி. அடுத்த தபாலில் எழுதிவிடலாம் என்று இருந்தேன். அடுத்த தபாலில் எழுதவில்லை. அதற்கு அடுத்ததிலும் எழுதவில்லை. ஒரு மனிதருடைய கடிதத்தைக் கிழித்தவள், அதே மனிதருக்கு எழுத வேண்டிய கடிதத்தையும் எழுதாமல் இருந்துவிட்டேன்.

புரட்டாசி நடுவில் பதில் வந்தது. உறையில் தகப்பனார் பேர் இருந்தது. தபால்கார அண்ணாச்சி அதைப் பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்துவிட்டுப் போனார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

'அப்பா, ஏழு கடிதங்களும் ஒரே நாளில் கிடைத்தன. ஒரே மூச்சில் படித்தேன். குழந்தையைக் கொண்டு வரட்டுமா, வேண்டாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தேன். பதிலுக்கு எட்டு மாதம் காத்துப் பார்த்தேன். உங்களைத் தவறாக நினைத்த இத்தனை வருஷத்துக்கும் என்னை மன்னியுங்கள். தங்கையை ஏச வேண்டாம். வேலையை விட்டுவிட்டேன். இது வரும் கப்பலுக்கு அடுத்த கப்பலில் ஏறுகிறோம். இதற்குப் பதில் போட வேண்டாம், நான் இங்கே இருக்க மாட்டேன். பிள்ளைக்கும் எஸ்தர் என்றுதான் பேர். அவளுக்கு உங்களைத் தெரியாது. நரைத்த தலையும் வெள்ளை வேட்டியும் வெற்றிலை வாயுமாக ஸ்டேஷனில் நிற்பவர்தான் தாத்தா, கண்டவுடன் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று தினமும் சொல்லிக்கொடுக்கிறேன். பாலம் ஸ்டேஷனுக்கு நீங்களே வந்து நில்லுங்கள்.'

"அவுக இல்லன்னு நீ எழுதலையா?" என்றார்கள் அம்மா.

"எழுதலம்மா."

"ஒண்ணுமே எழுதலையா?"

"எழுதல."

தந்தி அடிக்கலாமே என்று தபாலாபீஸில் சொன்னார்கள். எந்த விலாசத்துக்கு அடிப்பது? தோட்டத்தை விட்டுப் புறப்பட்டாகிவிட்டது. இந்தப் பக்கத்தை நான் அச்சுக்குக் கொடுக்கிற இன்று அண்ணனும் பிள்ளையும் கடலில் இருக்கிறார்கள்.

தகப்பனாரின் கடைசி நாட்களில் உதவியவர்களுக்கு எங்கள் குடும்பத்தின் நன்றியைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். வீட்டுக்கு வீடு காய்ச்சலாக இருந்தபோது பயப்படாமல் வந்து ஜெபம் செய்த போதகர் ஐயர் அவர்களுக்கும், குழி வெட்டி, பெட்டி சுமந்த நாலு பேருக்கும், அன்று நாற்று காய்ந்தாலும் பரவாயில்லை என்று எங்களோடு சேற்றில் இறங்கித் தேடிய தென்கால் வயல்காரர்களுக்கும், ஏழு முறை திரும்பி வந்த உறையை எங்களிடம் நீட்டும்போது ஏழு முறையும் ஒரு ஆறுதல் வார்த்தை சொன்ன தபால்கார அண்ணாச்சிக்கும், தானாக வீடு தேடி வந்து விலாசம் தந்த சாத்தான்குளத்து அன்பருக்கும் நாங்கள் என்றும் கடன்பட்டவர்கள்.

நாகப்பட்டினத்தில் விசாரித்ததில், நினைவு ஆராதனைக்கு மூன்று நாள் முந்திச் செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் அவர்கள் வந்து இறங்குவார்கள் என்று தெரிகிறது. அண்ணனிடம் நான்தான் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று இந்த வரி எழுதும்வரை எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கழித்து வருகிறவரைப் பார்க்க உங்கள் எல்லாருக்கும் ஆசை இருக்கும். பெண்கள் வாருங்கள், வாலிபர்கள் வாருங்கள், அம்மாவைத் தாங்கிப் பிடிக்க இரண்டு பேராவது வாருங்கள். தலை நரைத்த பெரியவர்கள் மட்டும் தயவுசெய்து அன்று ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். பிள்ளை ஓடி வந்துவிடும்.